வாசகர் கேள்விகள்: இதழே இல்லாத சூரியகாந்தி

சென்ற இதழின் நடுப்பக்கத்தில் கிளோட் மோனேயின் 'வெத்தூயில் ஓவியரின் தோட்டம்' படத்தைப் போட்டாலும் போட்டோம், வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். இதழைத் தொலைத்தவர்களுக்காக ஒரு வரி: 1881-இல் பிரான்ஸில் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியம். கீழிருந்து மேலே பார்க்கிற கோணம். நடுவில் ஒரு பாதை போய்ப் படிக்கட்டில் ஏறுகிறது, இரண்டு பக்கமும் ஆளை மறைக்கும் உயரத்துக்குச் சூரியகாந்திகள், பாதை ஓரமாக நீலமும் வெள்ளையுமான பூந்தொட்டிகள். முன்னால் பொம்மை வண்டியுடன் ஒரு பொடியன், படிகளில் இன்னும் இருவர், உச்சியில் வீடு, அதற்கு மேல் கொஞ்சம் வானம்.

கேள்வி: கோபித்துக்கொள்ள வேண்டாம், என் ஆறு வயது மகள் இதைவிடச் சுத்தமாகப் பூ வரைவாள். ஒரு பூவுக்காவது இதழ் இருக்கிறதா? மஞ்சளாக அப்பி வைத்திருக்கிறார். இதற்கு ஏன் இவ்வளவு கொண்டாட்டம்?

கோபமெல்லாம் இல்லை. 1874-இல் பாரீஸ்காரர்களும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்கள். மோனேயும் நண்பர்களும் சேர்ந்து, நாதார் என்ற புகைப்படக்காரர் வைத்திருந்த பழைய ஸ்டூடியோவில் தங்கள் படங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். அதில் மோனேயின் துறைமுகப் படம் ஒன்றுக்கு 'இம்ப்ரெஷன், சூரிய உதயம்' என்று பெயர். லூயி லெருவா என்ற பத்திரிகையாளர் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு, சுவரில் ஒட்டும் காகிதம்கூட இதைவிட முடிந்த வேலையாக இருக்கும் என்கிற தோரணையில் நக்கலடித்து எழுதினார். 'இம்ப்ரெஷனிஸ்ட்' என்ற பட்டம் அந்த நக்கலிலிருந்து வந்தது, பிறகு அதுவே இயக்கத்தின் பெயராக ஒட்டிக்கொண்டது. நம் ஆட்கள் மனப்பதிவுவாதம் என்று மொழிபெயர்த்தார்கள், நானும் சில நாள் அப்படிச் சொல்லிப் பார்த்தேன், வாயில் நிற்கவில்லை.

உங்கள் மகள் வரைவது அவளுக்குத் தெரிந்த பூ. நடுவில் வட்டம், சுற்றிலும் இதழ். பெரும்பாலான பெரியவர்களும் அப்படித்தான் வரைவோம், ஏனென்றால் பூ என்றால் இதழ் என்று மனதில் எழுதி வைத்திருக்கிறோம். ஆனால் இருபதடி தள்ளி, வெயிலில், காற்றில் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு சூரியகாந்திப் புதரைப் பார்க்கும்போது கண்ணில் விழுவது இதழா? மஞ்சள் புள்ளிகள், நடுவே கறுப்பாய் ஏதோ, பின்னால் ஒரு பச்சை இருட்டு. அறிவு குறுக்கே வந்து 'அது இதழ்' என்று சொல்வதற்கு முன்னால் கண்ணுக்குக் கிடைத்ததை மட்டும் போடுகிறேன் என்றார் மோனே. கேட்க எளிதாக இருக்கிறது, செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும்.

எங்கள் பக்கம் ஒரு தப்பும் உண்டு. பக்கத்தை நிரப்புவதற்காகப் படத்தின் ஒரு மூலையைப் பெரிதாக்கிப் போட்டிருந்தோம், மூக்கை ஒட்டி வைத்துப் பார்த்தால் எந்த மோனேயும் அப்பல்தான். அசல் ஓவியம் ஐந்தடி உயரம், சுமார் 151 சென்டிமீட்டர். பத்தடி பின்னால் நின்று பார்க்க வேண்டியது.

இன்னொன்றும் செய்து பாருங்கள். மேலே சொன்ன 'சூரிய உதயம்' படத்தை இணையத்தில் தேடி எடுத்து, போனில் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். அந்தச் சிவப்புச் சூரியன் ஏறக்குறையக் காணாமல் போய்விடும்! வண்ணத்தில் தகதகக்கிற சூரியனுக்கும் சுற்றியுள்ள சாம்பல் வானத்துக்கும் வெளிச்ச அளவு கிட்டத்தட்ட ஒன்றே. நிறம் வேறு, வெளிச்சம் ஒன்று என்றால் கண்ணுக்கு அந்த இடம் நிலையாக நிற்காமல் துடிக்கிறது. ஆறு வயதில் இதைச் செய்தால் உங்கள் மகளுக்குத் தனி இதழே போட்டுவிடுகிறேன்.

கேள்வி: தொட்டிகளில் இருப்பது என்ன செடி? சூரியகாந்தி தெரிகிறது, மற்றது புரியவில்லை.

சிவப்பாக நிமிர்ந்து நிற்பவை கிளாடியோலஸ். வாள் போன்ற இலை, ஒரே தண்டில் வரிசையாகப் பூ. ஆனால் தொட்டிகளைக் கவனித்தீர்களே, அதற்குச் சபாஷ். அந்த நீலம் வெள்ளைத் தொட்டிகள் மோனேயின் சொந்தச் சொத்து. வாடகை வீடு மாறும்போதெல்லாம் தூக்கிக்கொண்டே போனார். செய்ன் நதிக்கரையில் அர்ஜாந்தூய் என்ற ஊரில் முன்பு குடியிருந்தாரே, அங்கே வரைந்த தோட்டப் படங்களிலும் இதே தொட்டிகள் வருகின்றன.

கேள்வி: நிழல் கறுப்பாகத்தானே இருக்கும்? பாதையில் விழுந்த நிழலுக்கு ஏன் நீலமும் ஊதாவும்? அழகுக்காகவா?

அழகுக்காக இல்லை, அப்படித்தான் இருக்கிறது. நல்ல வெயில் நாளில் வெள்ளைத் துணியையோ காகிதத்தையோ வெளியே வைத்து அதன் மேல் உங்கள் நிழல் விழும்படி நில்லுங்கள். சூரியனின் நேர் வெளிச்சத்தை நீங்கள் மறைத்துவிட்டீர்கள், சரி. ஆனால் மேலே நீல வானம் முழுக்க இன்னும் வெளிச்சம் தந்துகொண்டுதானே இருக்கிறது? நிழலுக்குள் வந்து சேர்வது அந்த வான வெளிச்சம்தான், அதனால் நீலம். பக்கத்தில் வெயில் பட்ட இடம் மஞ்சளாக இருப்பதால் இந்த நீலம் இன்னும் கொஞ்சம் கூடித் தெரியும்.

அந்தக் கடைசி விஷயத்துக்குப் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது. மிஷெல் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் பாரீஸில் கோபெலின் என்ற அரசுத் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவின் தலைவராக இருந்தார். கறுப்புச் சாயம் சில துணிகளில் சோகையாகத் தெரிகிறது, சாயத்தில் கோளாறு என்று புகார். அவர் சோதித்துப் பார்த்தார், சாயம் சரியாகவே இருந்தது. பக்கத்தில் நெய்திருந்த நூலின் நிறம்தான் கறுப்பைக் கெடுத்துக்கொண்டிருந்தது. ஒரு நிறம் தனக்கு எதிரான நிறத்தைப் பக்கத்து வீட்டில் ஏற்றிவிடுகிறது: சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை கூர்மையாகும், ஆரஞ்சுக்குப் பக்கத்தில் நீலம் கூர்மையாகும். 1839-இல் இதைப் பெரிய புத்தகமாகவே போட்டார், ஓவியர்களிடையே அது நன்றாகப் பரவியது. இப்போது படத்தைத் திரும்பப் பாருங்கள். மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பூ, பக்கத்தில் நீலத் தொட்டி, நீல நிழல், நீல வானம். பச்சைக்குள்ளே சிவப்புப் பொட்டு. தோட்டக்காரர் மனதுக்குள் ஒரு சாயக்காரரும் உட்கார்ந்திருக்கிறார்.

மோனே பிற்காலத்தில், 1905-இல், தன் வண்ணங்களைத் தன் வியாபாரி துராந்-ருவெலுக்கு எழுதிய கடிதத்தில் பட்டியலிட்டார். வெள்ளை, காட்மியம் மஞ்சள், வெர்மிலியன் சிவப்பு, அடர்ந்த மேடர் சிவப்பு, கோபால்ட் நீலம், எமரால்டு பச்சை. முடிந்தது. கறுப்பு அதில் இல்லை.

கேள்வி: இவர்கள் வெளியில் உட்கார்ந்து அரை மணியில் முடித்துவிடுவார்கள் என்று படித்தேன். ஐந்தடிப் படத்தை அரை மணியிலா?

கதை. மோனேயே அந்தக் கதையை வளரவிட்டார், ஸ்டூடியோவா, எனக்கா என்கிற பாணியில் பேட்டி கொடுத்தவர்தான். உண்மையில் பல படங்களைப் பல அமர்வுகளில், வண்ணம் காய்ந்தபின் அதன் மேல் மறுபடியும் போட்டு, வீட்டுக்குள் கொண்டு போயும் முடித்தார்.

வெளியில் வரைந்தது என்னவோ நிஜம். அதற்கு வழி செய்தது ஒரு சின்ன உலோகக் குழாய். ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் 1841-இல் வண்ணம் அடைக்கும் டியூபுக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்னால் அரைத்த வண்ணத்தைப் பன்றியின் மூத்திரப்பையில் கட்டி வைத்திருப்பார்கள், குத்தித்தான் பிதுக்க வேண்டும், மறுபடி சரியாக மூட முடியாது. அதைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போவதை நினைத்துப் பாருங்கள்.

வெளிப்புறப் பைத்தியம் எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு மோனேயின் 'தோட்டத்தில் பெண்கள்' ஒன்று போதும். 1866-இல் தொடங்கிய படம், 255-க்கு 205 சென்டிமீட்டர். அவ்வளவு உயரத்தின் மேல்பாதியை எட்டுவதற்கு ஏணி போட்டால் கோணம் மாறிவிடும் என்று தரையில் ஒரு நீளக் குழி வெட்டி, கப்பி வைத்துப் படத்தையே அதற்குள் இறக்கி ஏற்றி வரைந்தார். நான்கு பெண்கள் படத்தில், பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் நின்றது பின்னால் அவர் மனைவியான கமீய் ஒருவர்தான். ஒருநாள் மூத்த ஓவியர் கூர்பே வந்து பார்த்திருக்கிறார், மோனே சும்மா உட்கார்ந்திருந்தாராம். ஏனப்பா என்றால் வெயிலுக்குக் காத்திருக்கிறேன் என்றாராம். அதுவரை பின்னணியைப் போடேன் என்றார் கூர்பே, மோனே மாட்டேன் என்றுவிட்டார். வெயில் இல்லாத நேரத்து இலை வேறு, வெயில் நேரத்து இலை வேறு, இரண்டையும் ஒரே படத்தில் எப்படிப் போடுவது? இத்தனை பாடுபட்ட படத்தை 1867-இல் அரசுக் கண்காட்சியான சலோன் திருப்பி அனுப்பியது. நண்பர் பசீய் 2,500 ஃப்ராங்குக்கு வாங்கிக்கொண்டார், அதுவும் மாதம் 50 ஃப்ராங் தவணையில். பின்னாளில் மோனேயிடமே திரும்பி வந்துவிட்ட அதே படத்தை 1921-இல் அதே பிரெஞ்சு அரசு அவரிடமிருந்து 2,00,000 ஃப்ராங் கொடுத்து வாங்கியது. வட்டியும் முதலுமாக வசூலித்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இவ்வளவு பெரிய தோட்டம், மாடி வீடு, விளையாடும் குழந்தைகள். வசதியான மனிதர், பொழுதுபோகாமல் பூ வரைந்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. தவறா?

தவறுதான், ஆனால் நீங்கள் அப்படி நினைக்க வேண்டும் என்றுதான் அவர் வரைந்திருக்கிறார். இந்த வாரக் கேள்விகளில் எனக்குப் பிடித்தது இது.

1878-இல் மோனே கடன் தொல்லையோடு வெத்தூய்க்கு வந்தார். மனைவி கமீய் உடம்பு சரியில்லாமல் இருந்தார், மூத்தவன் ழான், இளையவன் மிஷெல் கைக்குழந்தை. இவருக்குப் படம் வாங்கி ஆதரித்துக்கொண்டிருந்த எர்னஸ்ட் ஒஷெதே என்ற வியாபாரி அதற்கு முந்தைய வருடம் திவாலாகியிருந்தார், அவர் மனைவி ஆலிஸும் ஆறு பிள்ளைகளும் இதே வீட்டில் வந்து சேர்ந்தார்கள். ஆக எட்டுக் குழந்தைகள். 1879 செப்டம்பரில் கமீய் இறந்தார், 32 வயது. இறந்து கிடந்த மனைவியின் முகத்தில் மாறிக்கொண்டிருந்த நிறங்களைத் தன் கண் தானாகவே எடைபோட்டதைப் பார்த்துத் தானே அதிர்ந்ததாக மோனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தப் படமும் இருக்கிறது, பாரீஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில். தொடர்ந்து வந்தது கொடுமையான குளிர்காலம், செய்ன் நதி உறைந்தது, 1880 ஜனவரியில் பனிக்கட்டி உடைந்து மிதந்துபோவதைப் படம் படமாக வரைந்தார்.

அதற்கு அடுத்த வருடக் கோடையில்தான் இந்தச் சூரியகாந்தி. துராந்-ருவெல் மறுபடியும் ஒழுங்காகப் படம் வாங்கத் தொடங்கிய நேரம், கொஞ்சம் மூச்சு விட முடிந்திருக்கும். வீடு வாடகை, தோட்டமும் சொந்தமில்லை. இன்னொரு வேடிக்கை: வீட்டுக்கும் அந்தத் தோட்டத்துக்கும் நடுவே ஒரு சாலை ஓடியது. தோட்டம் சாலைக்கு இந்தப் பக்கம், ஆற்றை நோக்கிச் சரிவாக இறங்கும். படத்தில் சாலை எங்கே? தேடுங்கள், கிடைக்காது. கீழே நின்று மேலே பார்க்கிற கோணத்தைப் பிடித்து, சாலையைச் செடிக்குப் பின்னால் ஒளித்துவிட்டார். படிக்கட்டு நேராக வீட்டு வாசலுக்குப் போவது போல நாமும் நம்பிவிடுகிறோம். அந்த வருடம் டிசம்பரில் தொட்டிகளையும் குடும்பத்தையும் கட்டிக்கொண்டு புவாஸி என்ற ஊருக்குக் குடிபெயர்ந்துவிட்டார்.

கண்ணில் பட்டதை அப்படியே வரைகிறவர் என்று மோனேயைப் பற்றிச் சொல்வதெல்லாம் பாதி உண்மைதான் என்று எனக்குத் தோன்றுவது இதனால். தூரிகையை எடுப்பதற்கு முன்பே பாதிப் படத்தை மண்வெட்டியால் முடித்துவைத்திருப்பார். 1883-இல் ஜிவர்னிக்குப் போனார், 1890-இல் அந்த வீட்டை விலைக்கே வாங்கினார், 1893-இல் சாலைக்கும் ரயில் பாதைக்கும் அப்பால் ஒரு துண்டு நிலம் வாங்கி, எப்த் ஆற்றின் கிளை ஓடையிலிருந்து தண்ணீர் திருப்பிக் குளம் வெட்ட அனுமதி கேட்டார். ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள், வெளிநாட்டுச் செடி ஏதோ போட்டு எங்கள் தண்ணீரை விஷமாக்கப் போகிறார் என்று. அதிகாரிக்கு மோனே எழுதிய விளக்கத்தில், கண்ணுக்கு இன்பமாகவும் வரைவதற்குப் பொருளாகவும் இருக்கும்படி நீர்ச்செடிகள் வளர்க்கத்தான் இந்தக் குளம் என்று சொல்லியிருந்தார். எவ்வளவு நேர்மையான மனு! நாம் எழுதியிருந்தால் பொதுநலன் என்று ஏதாவது சேர்த்திருப்போம். அனுமதி கிடைத்தது, அல்லிகள் லத்தூர்-மார்லியாக் என்ற நாற்றுப் பண்ணையிலிருந்து வந்தன. அதுவரை ஐரோப்பாவில் குளிர் தாங்கும் அல்லி என்றால் வெள்ளைதான், மஞ்சளும் இளஞ்சிவப்புமாக ஒட்டுக் கலப்பில் உருவாக்கியவர்கள் அவர்கள்தான். பிறகு ஆறேழு தோட்டக்காரர்கள், அல்லி இலையில் படிந்த தூசியைத் துடைப்பதற்குப் படகில் போகிற ஆள் ஒருவர், தூசி கிளம்பாமல் இருக்கத் தன் செலவில் தார் போட்ட சாலை. நீங்கள் சொன்ன 'வசதியான மனிதர்' அப்போதுதான் வருகிறார்.

கேள்வி: மோனேக்குக் கண் நோய் இருந்ததாமே. அதனால்தான் எல்லாம் மங்கலாகத் தெரிந்து இப்படி வரைந்தாரா?

இது ஒரு சுற்று முடித்து எங்கள் அலுவலகத்துக்கு அடிக்கடி திரும்பி வருகிற கேள்வி. கண்புரை என்று மருத்துவர்கள் உறுதிசெய்தது 1912-இல், அப்போது வயது 71. இந்தத் தோட்டப் படம் வரைந்தபோது 40. கணக்கு ஒத்துவரவில்லை. பிற்காலத்தில் வரைந்த ஜப்பானியப் பாலப் படங்கள் செங்கல் நிறத்தில் கொதிப்பதற்குக் கண்புரை காரணம் என்று சொல்வதில் நியாயம் உண்டு. 1923-இல் வலது கண்ணில் அறுவை செய்தார்கள், அதன் பின் நிறங்கள் எல்லாம் தப்பாகத் தெரிகிறது என்று மருத்துவரைப் பாடாய்ப் படுத்தினார்.

கேள்வி: பூந்தோட்டம் என்றால் மோனே மட்டும்தானா?

இல்லவே இல்லை, மோனே பெயரைச் சொல்லி மற்றவர்களை மறந்துவிடுகிறோம். கையபோத் என்ற ஓவியர் செய்ன் கரையில் பெரிய தோட்டமும் ஆர்க்கிட் கண்ணாடிக்குடிலும் வைத்திருந்தவர், மோனேயுடன் கடிதத்தில் பேசியதில் பாதி செடி விவகாரம். 1894-இல் 45 வயதிலேயே போய்விட்டார். நண்பர்களின் படங்களாக வாங்கிக் குவித்திருந்ததையெல்லாம் அரசுக்கு எழுதிவைத்தார், அரசு தயங்கித் தயங்கிச் சுமார் 40 படங்களைத்தான் எடுத்துக்கொண்டது. பெர்த் மொரிசோ இதே 1881-இல் பூஷிவாலில் தன் கணவரும் சின்ன மகளும் தோட்டத்தில் விளையாடுவதை வரைந்தார், அப்பா குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மா வேலை செய்கிற படம் அந்தக் காலத்தில் எத்தனை இருந்திருக்கும்? பிஸ்ஸாரோவுக்கோ பூவைவிடக் காய்கறிப் பாத்திதான் பிடிக்கும், முட்டைக்கோஸைக் கண்டால் விடமாட்டேன் என்கிறார் என்று அவரை ஒரு விமர்சகர் குறைசொன்னார். எனக்கு அந்த முட்டைக்கோஸ்களின் மேல் தனிப் பாசம்.

கேள்வி: இந்த மாதிரி ஒரு தோட்டத்தை நானும் வரைய முயன்றேன். பச்சைப் பலகையில் மிட்டாய் கொட்டியது போல வந்தது. எங்கே தப்பு?

அனேகமாகப் பூவிலிருந்து தொடங்கியிருப்பீர்கள். கண்ணை நன்றாக இடுக்கிக்கொண்டு பாருங்கள், பூக்கள் மறைந்து இருட்டுத் திட்டு எது, வெளிச்சத் திட்டு எது என்பது மட்டும் மிஞ்சும். அதை முதலில் போடுங்கள். பச்சையை டியூபிலிருந்து அப்படியே போடாதீர்கள், நீலமும் மஞ்சளும் கலந்து நாலைந்து வகைப் பச்சை செய்துகொள்ளுங்கள், நிழல் பக்கத்துப் பச்சைக்குக் கொஞ்சம் ஊதா. பூ கடைசியில், தட்டைத் தூரிகையால் ஒரே ஒற்றல், போட்ட இடத்துக்குத் திரும்பப் போகக்கூடாது. அப்புறம், எல்லாப் பூவையும் போடாதீர்கள். வெயில் பட்டவற்றுக்கு மட்டும் பளிச்சென்ற மஞ்சள், நிழலில் இருப்பவற்றுக்கு மங்கிய காவி, அதற்கும் பின்னால் இருப்பவை பூ என்றே தெரிய வேண்டாம். மிட்டாய் போலத் தெரிந்ததற்குக் காரணம் எல்லாப் பூவும் ஒரே மஞ்சளில் இருந்ததுதான் என்று பந்தயம் கட்டுகிறேன். நீர்வண்ணமாக இருந்தால் இந்த வரிசை தலைகீழ், வெளிச்சப் பூவுக்கு வெள்ளைக் காகிதத்தை முதலிலேயே விட்டுவைக்க வேண்டும், அந்தத் தலைவலி வேண்டாமென்றால் அக்ரிலிக்கில் செய்யுங்கள்.

கேள்வி: அசல் எங்கே இருக்கிறது? பாரீஸ் போகிறோம், பார்க்கலாமா?

பாரீஸில் இல்லை. வாஷிங்டனில் உள்ள நேஷனல் கேலரி ஆஃப் ஆர்ட்டில் இருக்கிறது, அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது. இதே தோட்டத்தை மோனே வேறு சில முறையும் வரைந்தார், கொஞ்சம் சின்ன அளவில் ஒன்று கலிஃபோர்னியாவில் பாசடீனா நார்ட்டன் சைமன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாரீஸ் போகிறவர்களுக்கு ஓர்சேயில் குழி வெட்டி வரைந்த 'தோட்டத்தில் பெண்கள்', 1900-இல் வரைந்த ஜிவர்னி ஐரிஸ் பாத்தி, பிறகு ஓரான்ஷெரி அருங்காட்சியகத்தில் இரண்டு நீள்வட்ட அறைகள் முழுக்க அல்லிக்குளம். ஜிவர்னி தோட்டத்தையே பார்க்க வேண்டுமென்றால் ரயிலில் வெர்னோன் வரை போய் அங்கிருந்து பேருந்து. ஏப்ரலிலிருந்து நவம்பர் தொடக்கம் வரைதான் திறந்திருக்கும். சூரியகாந்தி பூத்திருக்க வேண்டுமென்றால் கோடை முடிகிற சமயத்தில் போங்கள், ஐரிஸ் வேண்டுமென்றால் மே. இரண்டும் ஒரே பயணத்தில் கிடைக்காது.